ஏமாந்தவரை ஏசாதீர்கள்



தொடக்கநூலின் 27ஆம் அதிகாரம் ஒரு குடும்பத்துக்குள் நடந்த ஏமாற்றை விவரிக்கின்றது. முதுமையினால் கண் மங்கிப்போன ஈசாக்கு, தம் மூத்த மகன் ஏசாவுக்கு ஆசி வழங்கக் காத்திருக்கின்றார். ஏசா வேட்டைக்குச் சென்றிருந்த வேளையில் இளையவன் யாக்கோபு அண்ணனின் ஆடையை உடுத்தி, கைகளிலும் கழுத்திலும் வெள்ளாட்டுக் குட்டியின் தோலைச் சுற்றிக்கொண்டு தந்தையின் முன் வருகின்றான். ஈசாக்கு எளிதில் நம்பிவிடவில்லை. இவ்வளவு விரைவில் வேட்டை எப்படிக் கிடைத்தது என்று கேட்கின்றார். அருகே அழைத்துத் தடவிப் பார்க்கின்றார். குரல் இளையவனுடையது என்பதை அவர் செவி சரியாகவே கண்டுகொள்கின்றது. நீ ஏசாதானா என மீண்டும் வினவுகின்றார். இத்தனைக்குப் பின்னும் ஏமாந்து போகின்றார்.

மீட்பின் வரலாற்றில் இந்நிகழ்வுக்குள்ள ஆழ்ந்த பொருளை நாம் இங்கு ஆராயப் போவதில்லை. ஐயம் கொண்டு, பலமுறை சோதித்த ஒருவர் எவ்வாறு ஏமாந்தார் என்பதே நம் கேள்வி. அவர் தொட்டுப் பார்த்த தோலும் முகர்ந்து பார்த்த ஆடையும் ஏமாற்றியவனே கொண்டுவந்தவை. கேட்ட கேள்விக்கு விடை சொன்னவனும் அவனே. வேலையாள் ஒருவரை அழைத்து, “ஏசா திரும்பி வந்துவிட்டானா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உண்மை வெளிப்பட்டிருக்கும்.

இன்று நம் இல்லங்களில் கையடக்கத் தொலைபேசி வழியாக நடைபெறும் மோசடிகளும் இவ்வாறே அமைகின்றன. குருநகரிலோ மன்னாரிலோ தனித்து வாழும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் இருக்கின்றார்கள். காலை பத்து மணிக்கு அழைப்பு வருகின்றது. பேசுபவர் வங்கி அதிகாரி என்கின்றார். அத்தாயின் பெயரை அறிந்திருக்கின்றார். “அம்மா, உங்கள் கணக்கிலிருந்து யாரோ பணம் எடுக்க முயல்கின்றார்கள். உடனே தடுக்க வேண்டும். இப்போது ஓர் இலக்கம் வரும், அதைச் சொல்லுங்கள். ஒருவருக்கும் சொல்ல வேண்டாம், விசாரணை நடக்கின்றது” என்கின்றார். குறுஞ்செய்தியும் உடனே வருகின்றது. வங்கியிலிருந்தே வருகின்றது. தாய் நம்பிவிடுகின்றாள். அந்தச் செய்தியை வரவழைத்தவர், அவள் கணக்கில் அவ்வேளையில் கைவைத்துக் கொண்டிருக்கும் திருடனே என்பது அவளுக்குத் தெரியாது.

வேடங்கள் பல. வெளிநாட்டு நண்பர் அனுப்பிய பரிசுப் பொதி சுங்கத்தில் தடுக்கப்பட்டுள்ளது, கட்டணம் செலுத்துங்கள் என்பார்கள். அஞ்சல் திணைக்களத்தின் பெயரில் குறுஞ்செய்தி அனுப்பி, பொதியைப் பெற வங்கி அட்டையின் விபரங்களைக் கேட்பார்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் வட்ஸ்அப் கணக்கைக் கைப்பற்றி, அவசரமாக ஐம்பதாயிரம் ரூபா தேவை என்று அவர் பெயரிலேயே எழுதுவார்கள். ஈசாக்கின் காலத்தில் குரலாவது உண்மையைக் காட்டியது. இன்றோ, ஒருவரின் பேச்சைச் சிறிதளவு பதிவு செய்தாலே அதைப்போன்ற குரலை உருவாக்கும் கணினி நுட்பம் வந்துவிட்டது. பிள்ளையின் குரல் கேட்கின்றது என்பது மட்டும் இனிப் போதிய சான்று அன்று.

வேடம் எதுவாயினும் இரண்டு அடையாளங்களைப் பெரும்பாலும் காணலாம். ஒன்று அவசரம். மற்றையது தனிமைப்படுத்தல். உடனே செய்யுங்கள், ஒருவருக்கும் சொல்லாதீர்கள் என்ற இவ்விரு கட்டளைகளும் சேர்ந்து வரும்போது, பேசுபவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். அது மரியாதைக் குறைவாகாது.

பின்னர் நீங்களே சோதியுங்கள். அந்தச் சோதனை உங்கள் கையில் உள்ள வழியால் நடைபெற வேண்டும். அழைத்தவர் தந்த இலக்கத்துக்கு அழைத்தால், அவர் கொண்டுவந்த தோலையே நாம் தடவிப் பார்க்கின்றோம். வங்கி அட்டையின் பின்புறத்தில் அல்லது சேமிப்புப் புத்தகத்தில் உள்ள இலக்கத்துக்கு அழையுங்கள். முடிந்தால் கிளைக்கே செல்லுங்கள். மகன் பணம் கேட்டு எழுதினால், நீங்கள் முன்பே வைத்திருக்கும் இலக்கத்தில் அவரை அழைத்துப் பேசுங்கள். குடும்பத்தார் மட்டும் அறிந்த ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்திருப்பதும் நன்று.

இன்னும் ஓர் உண்மையை மூத்தோருக்கு விளங்கச் செய்ய வேண்டும். உங்கள் கணக்குக்கு ஒருவர் பணம் அனுப்புவதற்குக் கணக்கு இலக்கமும் பெயரும் வங்கியின் விபரமும் போதும். இரகசிய இலக்கமோ, ஒருமுறை மட்டும் பயன்படும் குறியீடோ, அட்டையின் பின்புறத்திலுள்ள மூன்று எண்களோ அதற்குத் தேவையில்லை. இவற்றை எவருக்கும் சொல்ல வேண்டாம் என்று இலங்கை மத்திய வங்கி பலமுறை அறிவுறுத்தியுள்ளது. அழைப்பவர் சொல்லும் செயலியைத் தொலைபேசியில் பதிவிறக்கவும் வேண்டாம். உங்கள் திரையில் தெரிவதெல்லாம் அவருக்கும் தெரியும்படி செய்யும் செயலிகள் உள்ளன.

அன்பானவர்களே, இந்த அறிவுரைகள் பலவும் வங்கிகளின் அறிவித்தல்களிலும் உள்ளன. அவற்றில் காணாத ஒன்றையே நான் இன்று முக்கியமாகக் கூற விழைகின்றேன். திருடனுக்கு நம் வீட்டுக்குள்ளேயே ஓர் உதவியாளர் இருக்கின்றார். ஏமாந்தவரை ஏசும் நம் நாவே அந்த உதவியாளர்.

“உங்களுக்கு அறிவில்லையா?”, “எத்தனை முறை சொன்னேன்?”, “இனித் தொலைபேசியைத் தொடாதீர்கள்” என்றெல்லாம் பிள்ளைகள் பேசுவார்கள் என அஞ்சும் ஒரு தந்தை, நடந்ததை மறைத்துவிடுவார். அந்த மறைப்பே பேரிழப்பாகின்றது. 2015இல் நம் நாட்டில் அறிமுகமான உடனடிப் பணப்பரிமாற்ற முறையினால் ஒரு வங்கியின் பணம் மற்றொரு வங்கிக்கு நொடிப்பொழுதில் சென்றடைகின்றது. அங்கிருந்து அது வேறொரு கணக்குக்குப் போவதற்கு முன் தடுக்க முடியுமாயின் அது முதல் சில நிமிடங்களிலேயே. வெட்கத்தினால் ஒருநாள் மௌனம் காத்தவருக்கு அந்த வாய்ப்பு ஏறக்குறைய இல்லாமற் போகின்றது. மேலும், மறைத்தவரை அதே கும்பல் மீண்டும் தேடி வரும். இழந்த பணத்தை மீட்டுத் தருகின்றோம், முதலில் கட்டணம் செலுத்துங்கள் என்று கேட்கும்.

ஏமாறுவது மூடத்தனத்தின் அடையாளம் என்று எண்ணுவது தவறு. எதிரே இருப்பது ஒரு பெருந்தொழில். மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 100,000 பேரும் இத்தகைய மோசடி நிலையங்களில் பலவந்தமாக வேலை செய்விக்கப்படலாம் என ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் அலுவலகம் 2023 ஓகஸ்டில் மதிப்பிட்டது. வேலைவாய்ப்பு என்று நம்பிச் சென்ற நம் நாட்டு இளைஞரும் மியன்மாரில் அவ்வாறு சிக்கினர். இணையவழி நிதி மோசடிச் சந்தேகத்தில் 2024 ஒக்டோபரில் இலங்கையிலேயே 200க்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் கைது செய்யப்பட்டனர். எழுதிவைத்த உரையாடலைக் கொண்டு நாள் முழுவதும் பயிற்சியுடன் பேசுவோரின் முன், வீட்டில் தனித்திருக்கும் ஒரு முதியவர் தடுமாறுவதில் என்ன வியப்பு? பிள்ளைமீதுள்ள பாசம், அதிகாரிக்குக் கீழ்ப்படியும் பண்பு, துன்புறுபவருக்கு இரங்கும் உள்ளம் ஆகிய நற்குணங்களையே அவர்கள் கைப்பிடியாகப் பற்றுகின்றார்கள். ஆசையினால் ஏமாறுபவரும் உண்டு என்பது மெய்யே. ஆயினும் அவருக்கும் அந்த நேரத்தில் வேண்டியது உதவிதான். அறிவுரை பின்னர் வரட்டும்.

மீண்டும் ஈசாக்கிடம் வருவோம். உண்மை தெரிந்தபோது அவர் நடுநடுங்கினார். ஆனால் மறைக்கவில்லை. தம்பி வஞ்சகமாய் வந்து ஆசியைப் பெற்றுச் சென்றுவிட்டான் என்று உடனே ஏசாவிடம் கூறினார். ஏசா கதறி அழுதான். பெருஞ்சினமும் கொண்டான். அச்சினம் வரம்பு மீறியதுதான். ஆயினும் ஏமாந்த தந்தைமீது அவன் ஒரு கடுஞ்சொல்லும் கூறியதாக நாம் வாசிப்பதில்லை. அந்த ஒன்றையேனும் நாம் அவனிடம் கற்றுக்கொள்ளலாம்.

ஆகவே உங்கள் வீட்டு முதியவர், “நான் ஏமாந்துவிட்டேன் போலிருக்கின்றது” என்று சொல்லும்போது, முதலில் அருகில் அமருங்கள். உடனே வங்கிக்கு அழைத்துக் கணக்கையும் அட்டையையும் முடக்கச் சொல்லுங்கள். குறுஞ்செய்திகளையும் இலக்கங்களையும் அழிக்காமல் வைத்திருங்கள். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். கணினி அவசர நடவடிக்கைகளுக்கான தேசிய நிலையத்தை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். வங்கி தரும் பதில் திருப்தியளிக்காவிடில் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கம் உண்டு. அவரைத் தனியே அனுப்பாமல் கூடவே செல்லுங்கள்.

இளையோருக்கும் ஒரு வார்த்தை. சில ஆயிரம் ரூபாவுக்காக உங்கள் வங்கிக் கணக்கையோ அட்டையையோ பிறர் பயன்படுத்தக் கொடுக்காதீர்கள். களவாடிய பணம் கைமாறிச் செல்வதற்கு அத்தகைய கணக்குகளே வேண்டும். நான் யாரையும் ஏமாற்றவில்லையே என்று சொல்லி அதிலிருந்து தப்ப முடியாது. சட்டம் முதலில் தேடி வருவது கணக்கின் உரிமையாளரையே. ஏழாம் கட்டளையின் முன்னும், திருடனுக்கு வழி திறந்து விட்டவர் களவில் பங்காளியே.

நம் அன்பியக் கூட்டங்களில் பத்து நிமிடங்களை இதற்கென ஒதுக்கினால் என்ன? ஏமாந்த ஒருவர் அங்கு எழுந்து, எனக்கு இப்படி நடந்தது என்று கூச்சமின்றிச் சொல்லக்கூடுமாயின், அச்சாட்சியம் பல வீடுகளைக் காப்பாற்றும். அவ்வாறு அவர் சொல்ல வேண்டுமாயின், கேட்கும் நாம் நகைக்காதிருக்க வேண்டும்.

இன்று மாலை செபமாலை முடிந்ததும் உங்கள் அம்மாவிடமும் அப்பாவிடமும் அம்மம்மாவிடமும் ஒரு வாக்குறுதி கொடுங்கள்: “என்ன நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் ஏச மாட்டோம்.” கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.