டோரியனைக் கெடுத்தது யார்?

ஆஸ்கார் வைல்டு எழுதிய ஒரே புதினம் ‘டோரியன் கிரேயின் ஓவியம்’. 1890-இல் லிப்பின்காட் மாத இதழில் அது வெளிவந்தபோதே ஒழுக்கக்கேடான கதை என்று இலண்டன் ஏடுகள் தூற்றின. டபிள்யூ. எச். ஸ்மித் நிறுவனம் தன் கடைகளிலிருந்து அவ்விதழையே அகற்றிவிட்டது. 1895-இல் வைல்டு சாட்சிக் கூண்டில் நின்றபோது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கார்சன் இக்கதையின் பகுதிகளைப் படித்துக் காட்டிக் கேள்வி கேட்டார். பாத்திரத்தின் பாவத்துக்குப் படைத்தவர் விடை சொல்ல வேண்டியிருந்த விந்தையை என்னென்பது!

கதை நண்பர்கள் அறிந்ததே. தன் முதுமையும் பாவமும் தன் ஓவியத்தைச் சேர, தான் மட்டும் இளமை குன்றாதிருக்கிறான் ஓர் அழகன். ஹென்றி பிரபுவின் இன்பவாதப் பேச்சே அவனைக் கெடுத்தது என்பர் பலர். எனக்கு அது உடன்பாடன்று. பிரபு பேசுகிறார்; பேசிவிட்டு விருந்துக்குப் போய்விடுகிறார். (இத்தகைய பேச்சாளர்கள் இல்லாத விடுதி உண்டா?)

ஓவியம் முதன்முதலில் மாறியது எப்போது என்று பார்க்க வேண்டும். சிபில் வேன் ஓர் ஏழை நடிகை. உண்மைக் காதல் வந்ததும் அவளுக்கு மேடைக் காதல் நடிக்க வரவில்லை. ஜூலியட்டாக உயிரின்றி நிற்கிறாள். கலை போனபின் நீ யார் எனக்கு என்று அவளை உதறிவிட்டு வீடு திரும்புகிறான் டோரியன். படத்தின் உதட்டோரத்தில் கொடுமையின் சாயல்! அந்த இரவில் மதுவெறி இல்லை, அபினி இல்லை. காலடியில் ஒரு பெண் அழுதாள். அவனுக்குச் சலிப்பாக இருந்தது, அவ்வளவே. மறுநாள் அவள் நஞ்சுண்டு இறந்த செய்தி வருகிறது. அன்றிரவே அவன் இசை நாடகம் பார்க்கப் போகிறான். பிறர் துயரையும் ஒரு காட்சியாகச் சுவைக்கப் பழகினானே, அங்கேதான் அவன் கெட்டான் என்பேன்.

வாசனைத் திரவியங்கள், மணிக்கற்கள், பூவேலைத் துணிகள் என்று பக்கம் பக்கமாக நீளும் 11-ஆம் அத்தியாயம் நமக்கே அலுப்புத் தட்டுகிறது. ஆசிரியர் வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்கலாம்.

ஓவியர் பேசிலைக் கொன்ற கொலையைவிட என்னை அதிர வைப்பது இறுதிப் பகுதியே. ஹெட்டி என்ற கிராமத்துப் பெண்ணைக் கெடுக்காமல் விட்டுவிட்டோமே, படம் சற்றுத் திருந்தியிருக்கும் என்ற ஆசையில் விளக்கை எடுத்துக்கொண்டு பூட்டிய அறைக்கு ஏறுகிறான். படத்தின் கண்ணில் தந்திரமும் வாயில் பாசாங்கின் சுருக்கமும் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. அவன் செய்த நன்மையும் இன்னொரு புதுச் சுவைதானே! ஒருவன் தனக்கே போடும் வேடத்தை இவ்வளவு இரக்கமின்றி உரித்துக் காட்டிய நூலையா ஒழுக்கக்கேடு என்றார்கள்?