யந்திரம் இரங்குமா?

மனிதனின் துக்கத்தைக் கண்டு இரங்குவதுபோல் நடந்துகொள்ளும் ‘ரோபோ’க்களைச் செய்வதில் பல தேசத்து விஞ்ஞானிகள் முனைந்திருக்கிறார்கள். முகக்குறிப்பையும் குரலின் நடுக்கத்தையும் அளந்தறிந்து, அதற்கேற்ற ஆறுதல் மொழியைச் சொல்லும்படி இந்த யந்திரங்கள் அமைக்கப்படுகின்றன. ஜப்பானில் ஷிபாடா தகானோரி என்பவர் உண்டாக்கிய ‘பாரோ’ 2005 முதல் விற்பனையாகி வருகிறது. ‘சீல்’ என்னும் கடற்பிராணியின் குட்டியைப் போன்றது அது. தடவினால் கண் சிமிட்டும். அழைத்தால் தலை திருப்பும். ஞாபகசக்தி இழந்த முதியோர் சிலர் அதை மடியில் வைத்துக்கொண்டு அமைதியடைகிறார்கள். இதை நாம் பரிகசிக்கவில்லை. ஆனால் அந்தக் கண்சிமிட்டலுக்குப் பின்னே உணர்ச்சி இல்லை; கணக்குத்தான் இருக்கிறது.

1966-ல் அமெரிக்கப் பேராசிரியர் ஜோஸப் வைஸன்பாம், நாம் சொல்வதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் ‘எலிஸா’ என்ற கம்ப்யூட்டர் நிரலைச் செய்தார். அதன் சூக்ஷுமத்தை அறிந்திருந்த அவருடைய காரியதரிசியே, அதனுடன் சிறிது பேசியதும், அவரை அறையைவிட்டு வெளியே போகும்படி கேட்டுக்கொண்டாராம். மனம்விட்டுப் பேச ஆள் கிடைக்காதவர்கள் எதனிடமும் பேசுவார்கள். குற்றம் அவர்களுடையதன்று; ஆள் கிடைக்காமற் செய்த சமூகத்தினுடையது.

“இருக்கன்குடியில் மாரியம்மன் விக்கிரகத்தின் முன் ஜனங்கள் அழவில்லையா? யந்திரத்தின் முன் அழுதால் என்ன?” என்று சிலர் கேட்கலாம். ஆடி கடைசி வெள்ளியன்று, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் அவ்விடத்தில் நின்று பார்த்தால் விடை விளங்கும். அங்கே அழுபவள் தனியாக அழுவதில்லை. அவள் குழந்தையை ஒருத்தி வாங்கிக்கொள்கிறாள். மற்றொருத்தி தண்ணீர் கொடுக்கிறாள். பக்தி ஜனங்களை ஒன்றுகூட்டுகிறது. ஆறுதல் யந்திரமோ, துக்கப்படுபவரை ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போக மற்றவர்களுக்கு வசதி செய்துகொடுக்கிறது.

யந்திரமே வேண்டாமென்பது நமது வாதமன்று. இதே ஜில்லாவில், அருப்புக்கோட்டைக் கோயில் ஒன்றுக்கு 2025-ல் ‘கஜா’ என்ற யந்திர யானை அளிக்கப்பட்டதை நாம் வரவேற்கிறோம். உயிருள்ள யானையைச் சங்கிலியில் நிறுத்த வேண்டிய அவசியத்தை அது போக்குகிறது. துன்பம் அறியாமையே அதன் சிறப்பு. ஜீவன்கள் பட வேண்டிய துன்பத்தைத் தான் ஏற்றுக்கொள்வதே யந்திரம் செய்யக்கூடிய மெய்யான உபகாரம்.

அந்த உபகாரத்துக்குக் காத்திருப்போர் இருக்கன்குடியின் அண்டையிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 2012 செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூரை அடுத்த அச்சங்குளத்திலும் பட்டாசு ஆலைகள் வெடித்தன. முன்னதில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பின்னதில் மாண்டோர் பத்தொன்பது பேருக்குக் குறையவில்லை. வெடிமருந்தைக் கலப்பதும் செலுத்துவதும் பல ஆலைகளில் இன்றும் மனிதர் கையால்தான் நடக்கின்றன. சிறு உராய்வு போதும், அறையே சாம்பலாகும்.

ஆகவே, அனுதாபம் பேசும் யந்திரத்துக்குச் செலவாகும் அறிவும் பொருளும் முதலில் அந்த மருந்தறைக்கு வரட்டும். அங்கே வேலை செய்யும் யந்திரத்துக்கு முகமும் வேண்டாம், குரலும் வேண்டாம். அதனால் வேலையிழப்போருக்கு வேறு பிழைப்புக் காட்டும் கடமை முதலாளிகளையும் சர்க்காரையும் சேர்ந்தது. தீப்புண் பட்டவர் கட்டிலருகே உட்கார்ந்து ஆறுதல் சொல்லும் கடமையோ நம் ஒவ்வொருவருடையதுமாகும். அதை எந்த யந்திரத்திடமும் ஒப்படைத்துவிட்டுப் போக நமக்கு உரிமையில்லை.