ஆளில்லாத வீடு

கவைக்கோல் ஏந்திய முதியவர் ஒருவர். அவரருகே முகம் இறுகிய பெண்ணொருத்தி. இருவர்க்கும் பின்னே, மாதாகோயிலில் இருப்பது போன்ற கூர்வளைவுச் சன்னல் கொண்ட வெள்ளை மரவீடு. அமெரிக்க ஓவியர் கிராண்ட் வுட் 1930இல் தீட்டிய ‘அமெரிக்கன் கோதிக்’ என்னும் இவ்வோவியத்தைக் கேலிச் சித்திரங்களிலாவது காணாதவர் சிலரே. ஆனால் அதற்கு முன்னோடியாக அவர் அட்டையில் தீட்டிய மாதிரிப் படத்தைக் கண்டவர் மிகக் குறைவு. அதில் வீடு மட்டுமே உண்டு; ஆட்கள் இல்லை. மண்வாசனை, மண்வாசனை என்று மேடைதோறும் முழங்கும் நம்மவர் முன்னே அந்த ஆளில்லாத வீட்டைச் சாட்சியாக நிறுத்தி ஒரு வழக்குரைக்க விரும்புகின்றேன்.

அயோவா மாநிலத்தில் எல்டன் என்பது ஒரு சிற்றூர். 1930 ஆகஸ்டில் அவ்வூர் வழியே காரில் சென்ற வுட், எளிய பலகை வீடொன்றில் அத்துணைப் பகட்டான சன்னல் பொருத்தப்பட்டிருந்த முரணைக் கண்டு வியந்தார். வீட்டில் குடியிருந்தோரிடம் அனுமதி பெற்றார். மறுநாள் முற்றத்தில் நின்று எண்ணெய் வண்ணத்தில் அதைத் தீட்டினார். இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். வீடு கண்ணெதிரே நிற்கிறது, ஆயினும் படத்தில் கூரை உள்ளதைவிடச் செங்குத்தாக ஏறிவிட்டது, சன்னல் நீண்டுவிட்டது. பத்தடித் தொலைவில் நின்று பார்த்த கைக்கே இந்தத் தடுமாற்றம் என்றால், 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் தில்லி அரசுக் குடியிருப்பில் அமர்ந்து ஊர் வீட்டை வரையும் நம் கை எவ்வளவு நீட்டும், எவ்வளவு உயர்த்தும்!

ஆட்கள் பின்னர் வந்தவர்கள். அவ்வீட்டில் எத்தகையோர் வாழ்ந்தால் பொருந்தும் என்று ஓவியர் தாமே எண்ணிப் பார்த்தார். தம் தங்கை நானையும், தமக்குப் பல் பார்த்த மருத்துவரையும் தனித்தனியே அமர்த்தி வரைந்தார். அவ்விருவரும் அந்த வீட்டின் முன் சேர்ந்து நின்றதே இல்லை. உண்மையில் அங்கே சமைத்து உண்டு உறங்கியவர்களுக்கோ படத்தில் இடமில்லை. (தந்தை வயதுடையவருக்கு மனைவி என்று ஊரார் தம்மைக் கருதிவிட்டார்களே என்று அத்தங்கை பட்ட கூச்சம் வேறு கதை.)

ஓவியர் மட்டும் நாளும் ஏர் பிடித்தவரா? 1891இல் பண்ணை வீட்டில் பிறந்தார் என்பது மெய். 1901இல் தந்தை இறந்தபின் குடும்பம் சீடர் ராப்பிட்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. நான்கு முறை ஐரோப்பா சென்று வந்தார். ‘நகரத்துக்கு எதிரான கிளர்ச்சி’ என்று 1935இல் தம் பெயரில் நூல் வெளியிட்ட அவரும் நம்மைப் போல ஊரை விட்டு வந்தவரே. இதனால் அவர் கலைக்கு இழுக்கில்லை. சிகாகோ கலைக்கழகம் வெண்கலப் பதக்கமும் 300 டாலரும் அளித்தது தகும். ஆனால் படம் செய்தித்தாளில் வந்ததும், ‘நாங்களா இப்படி இருக்கிறோம்?’ என்று அயோவாவின் உழவர் வீட்டுப் பெண்கள் சினந்தெழுந்தார்களே, அச்சினமும் தகும். நான் வரைந்தது உழவரை அன்று, சிற்றூர் மாந்தரையே என்று அவர் விளக்கம் கூற நேர்ந்தது.

இப்போது நம் சங்கத்துக்கு வருவோம். ஆண்டுதோறும் பொங்கல் விழா மேடையில் தொங்கும் திரையை அன்பர்கள் அறிவீர்கள். ஓட்டு வீடு, திண்ணை, கண்டாங்கிச் சேலையில் ஓர் ஆத்தா, வாசலில் கட்டிய பசு. அந்த ஆத்தா யார்? நம் பல் மருத்துவர்தாம்! நாம் பொருத்தி வைத்த ஆள். இம்மலரின் பக்கங்களும் அவ்வாறே. ‘திண்ணைகள் எங்கே போயின?’ என்று புலம்பும் கட்டுரை இல்லாத ஆண்டு இல்லை. அத்தகைய கட்டுரைகளுள் ஒன்றை எழுதியவன் நான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஊரில் என் அண்ணன் எங்கள் வீட்டுத் திண்ணையை இடித்து, முன்பக்கத்தில் இரும்புக் கதவு போட்ட சிறு கடை எடுத்தார். ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டார். செய்தி கேட்ட அன்றே, அப்பாவின் நினைவை அழித்துவிட்டதாக நான்கு பக்கம் கடிதம் எழுதினேன். மறுமொழி அரைப் பக்கம். “தம்பி, நீ ஆண்டுக்குப் பத்து நாள் படுக்கும் திண்ணைக்காக, மீதி 355 நாள் நாங்கள் ஒழுகும் ஓட்டின்கீழ் இருக்க வேண்டுமா? மழைக்கு மழை உன் மதனி குண்டான் வைத்துக்கொண்டு விழித்திருந்தது உனக்குத் தெரியுமா?” எனக்குத் தெரியாது. என் நினைவில் இருந்த வீட்டில் மதனி இல்லை, குண்டானும் இல்லை.

இழந்ததை எண்ணி ஏங்குவதும் குற்றமோ என்று கேட்பீர்கள். ஏங்குங்கள், யார் தடுத்தார்? ஆனால் அந்த ஏக்கத்தை வாடகையாக ஊரில் இருப்பவரிடம் தண்டாதீர்கள். கோடை விடுமுறைக்குச் சென்ற நம் பிள்ளைகள், “இது கிராமம் மாதிரியே இல்லையே!” என்று பெரியம்மா முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருகிறார்கள். அதை அவர்களுக்குக் கற்பித்தது நாம் தொங்கவிட்ட திரையன்றோ? கிராண்ட் வுட் படத்தில் எதை மாற்றினாலும், அந்த வீட்டுக்காரரைக் கவைக்கோல் பிடித்து நிற்கச் சொல்லவில்லை. வரையுமுன் அனுமதியும் கேட்டார். நாம் அதுவும் கேட்பதில்லை.

வரும் பொங்கலுக்குப் பழைய திரையை மடித்து வைக்க வேண்டுமென்று செயற்குழுவில் எழுதிக் கொடுத்துள்ளேன். இரும்புக் கதவும் தளமும் உள்ளபடியே தெரிய எங்கள் வீட்டை வரைந்து தொங்கவிடலாம் என்பது என் முன்மொழிவு. முகப்பில் யாரை நிறுத்துவது, நிறுத்தத்தான் வேண்டுமா என்று கேட்டு அண்ணனுக்கும் மதனிக்கும் கடிதம் போட்டிருக்கிறேன். மறுமொழி இன்னும் வரவில்லை.