பினாமிக் கணக்கு

நான் பேங்க் குமாஸ்தா. சலானில் கையெழுத்து கொஞ்சம் கோணினால்கூட, வரிசையில் நின்ற கிழவியைத் திருப்பி அனுப்புகிறவன். அந்தக் குற்ற உணர்ச்சியோடுதான் இதை எழுதுகிறேன்.

ஒருத்தன் பணம் இன்னொருத்தன் பேரில் புழங்கினால் அதுக்குப் பேர் பினாமி. அதையே எண்ணெய்க் கம்பெனி செய்தால் ‘தொழில் கூட்டமைப்பு’.

கரியமிலவாயு பூமியைச் சூடாக்கும் என்று அமெரிக்க எக்ஸான் கம்பெனி மேலிடத்துக்கு அதன் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் 1977லேயே சொல்லிவிட்டார். ஆனால் 1989ல் உருவான ‘உலகத் தட்பவெப்பக் கூட்டணி’யில் எக்ஸானும் இருந்தது. பேரைக் கேட்டால் பூமியைக் காக்க வந்தவன் மாதிரி! வேலையோ, சட்டம் வராமல் தடுப்பது. 1995ல் அந்தக் கூட்டணியின் சொந்த நிபுணர்களே, மனிதன் விடும் புகை தட்பவெப்பத்தைப் பாதிக்கக்கூடும் என்பதன் விஞ்ஞான அடிப்படையை மறுக்க முடியாது என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதம் ஊருக்குத் தெரிந்தது 2009ல். பதினாலு வருஷம்! அதற்குள் 2001ல் அமெரிக்கா கியோட்டோ ஒப்பந்தத்தை உதறிவிட்டது. 2002ல் கூட்டணியும் கடையைக் கட்டிவிட்டது.

எங்க தாத்தாவின் கடன் நோட்டு பண்ணையார் வீட்டில் இருந்தது. உழைத்துக் கழித்தது தாத்தா, எழுதியது பண்ணையார். கேட்டால், “ஒனக்கெதுக்குடா கணக்கு?”

இப்போது வெளிப்படைத்தன்மை பேசுகிறார்கள். அமெரிக்காவில் 1995லேயே சட்டம் உண்டு. லாபிக்கு எவ்வளவு செலவு, எந்த மசோதா என்று காட்ட வேண்டும். அந்த மசோதாவை ஆதரித்தானா, எதிர்த்தானா? அதைச் சொல்ல வேண்டியதில்லை! என் கவுண்டரில் வரவா பற்றா என்று சொல்லாமல் சலான் நீட்ட முடியுமா?

2021 மே மாதம் எக்ஸான்மொபில் பங்குதாரர் கூட்டத்தில், கம்பெனியும் அது சந்தா கட்டும் சங்கங்களும் செய்யும் லாபி பற்றி அறிக்கை கொடு என்ற தீர்மானம், நிர்வாகம் எதிர்த்தும் சுமார் 64 சதவீத ஓட்டில் ஜெயித்தது. நல்லதுதான். ஆனால் அங்கே ஓட்டு பங்குக்கு, மனுசனுக்கு இல்லை. அறிக்கையை எழுதுவதும் கம்பெனியேதான். பண்ணையார் நோட்டைப் பண்ணையாரே வாசித்துக் காட்டுவது!

வெயில் ஏறினால் முதலில் வேகுவது வயலில் குனிந்த முதுகு. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது பள்ளத்தில் ஒதுக்கிய சேரி. ஒரு பங்குகூட இல்லாதவன்தான் நஷ்டத்தில் முழுப் பங்காளி. ஆகவே கணக்குக் கேட்கும் உரிமை எங்களுக்குத்தான் முதலில். எந்தத் தேதியில், யாரைப் பார்த்தாய், எந்தச் சங்கத்துக்கு எவ்வளவு கொடுத்தாய், எந்தச் சட்டத்தை ஒழிக்க? வெளியாள் தணிக்கை செய்யட்டும். சட்டம் கட்டாயப்படுத்தட்டும்.

நோட்டை எடுத்து வா. சேரி நடுவில் வை. வாசிக்கத் தெரிந்த பேரன்கள் வந்துவிட்டோம்.