காட்டு வானத்துக்கும் எல்லை வேண்டும்

சரணாலயங்களில் டிரோன் பறக்கவிடுபவர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: விலங்கு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அதற்கென்ன தொந்தரவு? அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் கருங்கரடிகளின் உடலில் இதயத்துடிப்பை அளக்கும் கருவியைப் பொருத்தி ஓர் ஆய்வு செய்தார்கள். அதன் முடிவுகள் 2015-இல் வெளியாயின. டிரோன் தலைக்கு மேல் வந்தபோது கரடிகள் பெரும்பாலும் இடத்தை விட்டு அசையவில்லை; ஆனால் இதயம் எகிறியது. ஒரு கரடிக்கு நிமிடத்துக்கு 41 ஆக இருந்த துடிப்பு 162-க்குப் போனது. ‘தள்ளி நின்று பறக்கவிடு, விலங்கு மிரண்டால் திரும்பிவிடு’ என்ற நாகரிக நெறிகள் எல்லாம் இயக்குபவரின் கண்ணை நம்பியே நிற்கின்றன. அந்தக் கண்ணுக்கு அச்சம் தெரியவே தெரியாது என்றால், நெறியை மட்டும் நம்பிக் காட்டை எப்படி விடுவது?

தெரிய வரும்போதோ காலம் கடந்திருக்கும். கலிபோர்னியாவின் போல்சா சிக்கா பறவைகள் காப்பகத்தில் 2021 மே மாதம் ஒரு டிரோன் விழுந்தது. அங்கே முட்டையிட்டிருந்த ஆயிரக்கணக்கான ஆலாப் பறவைகள் கூண்டோடு கிளம்பிப் போயின. 1,500-க்கும் மேற்பட்ட முட்டைகள் அடைகாப்பாரின்றிப் பாழாயின. இயக்கியவருக்குத் தீய நோக்கம் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. யானை விஷயம் இன்னும் தெளிவு. தான்சானியாவில் விளைநிலத்துக்குள் புகும் யானைகளை விரட்டவே டிரோனைப் பயன்படுத்துகிறார்கள். விரட்டுவதற்கு உதவும் கருவி, படம் எடுக்கும்போது மட்டும் சாதுவாகிவிடுமா? 2023 மே மாதம் கம்பம் பகுதிக்குள் வந்த அரிக்கொம்பன் என்ற காட்டு யானை, யூடியூபர் ஒருவரின் டிரோனால் மிரண்டதும் அவர் கைதானதும் நாம் அறிந்தவை.

அமெரிக்க தேசியப் பூங்காத் துறை 2014-லேயே, பூங்காவுக்குள் டிரோனை ஏற்றவும் இறக்கவும் இயக்கவும் பொதுத் தடை விதித்தது. நம் நாட்டில் சட்டம் வேறு காலத்தில் நிற்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் போய்ப் படம் எடுக்க அனுமதி வேண்டும். ஆனால் அது மனிதன் காலால் நடந்து நுழைவான் என்று எண்ணி எழுதப்பட்ட சட்டம். எல்லைக்கு வெளியே, ஒரு விடுதியின் மொட்டை மாடியில் நின்றபடி கருவியை மட்டும் உள்ளே அனுப்பும் ஆளை அது நினைத்துப் பார்க்கவில்லை. 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகளோ வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என வரைபடத்தில் பிரிக்கின்றன. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி தேவையில்லை. 250 கிராம் வரையிலான டிரோனுக்கு இயக்குநர் உரிமமும் வேண்டாம். ஓரிடத்தைச் சிவப்பாக அறிவிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, அதுவும் 96 மணி நேரத்துக்குத்தான். கூடு கட்டும் பருவம் நான்கு நாளில் முடிவதில்லையே.

வனத்துறையே டிரோன் விடுகிறதே என்பார்கள். விடுகிறதுதான், 2021-இல் மசினகுடியில் டி-23 புலியைத் தேடவும் விட்டது. அது தேவைக்காக, பொறுப்பேற்கும் ஆள் இருந்து செய்வது. ஆய்வாளர்களுக்கும் இதே முறையில் அனுமதி தரலாம். பறவைக் கணக்கெடுப்பில் தரையிலிருந்து எண்ணுவதைவிட டிரோன் துல்லியம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஜீப் சத்தம் போடவில்லையா என்பது கொஞ்சம் வலுவான கேள்வி. ஆனால் ஜீப்புக்குப் பாதை உண்டு, நேரம் உண்டு, எண்ணிக்கை வரம்பு உண்டு. டிரோன், ஜீப் எட்டாத இடத்தைத் தேடிப் போவதற்கென்றே வாங்கப்படுவது. விலங்குகள் பழகிவிடும் என்ற வாதத்துக்கும் ஓரளவு ஆதாரம் இருக்கிறது: கூண்டில் வளர்ந்த கரடிகளிடம், திரும்பத் திரும்பப் பறக்கவிட்ட பிறகு, துடிப்பு குறைந்தது. ஒரு காட்டுயிர் நம் பொழுதுபோக்குக்காக அப்படிப் பழகிக்கொள்ள வேண்டும் என்பது என்ன நியாயம்?

ஆகவே, தேசியப் பூங்கா, சரணாலயம், அவற்றைச் சுற்றியுள்ள சூழல் உணர்திறன் மண்டலம் ஆகியவற்றில் பொழுதுபோக்கு டிரோனுக்குத் தடை என்று விதியிலேயே எழுத வேண்டும். நாளைக்கே மாற்றக்கூடிய வரைபட நிறத்துக்கு அதை விட்டுவிடக் கூடாது. கருவி எங்கே பறந்தது என்பதோடு, எங்கிருந்து ஏற்றப்பட்டது என்பதையும் குற்றத்தில் சேர்க்க வேண்டும். எல்லையோர விடுதிகளையும் இதில் பொறுப்பாக்கலாம். மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகமும் சுற்றுச்சூழல் அமைச்சகமும் சேர்ந்து உட்கார்ந்தால் முடிகிற வேலை இது. அடுத்த சுற்றுலாப் பருவத்துக்குள் முடிக்கட்டும்.