தெளிவட்டமும் மருந்தும்

கண்ணுக்குப் புலனாகாத கிருமிகளை வெல்லும் பொருள்களைத் தேடுதல், இக்காலத்து விஞ்ஞான மாணவர் மனத்தைப் பெரிதும் கவர்ந்த முயற்சிகளுள் ஒன்றாகும். நம் புதுவை நகரத்திலும் அதனைச் சூழ்ந்த தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் நுண்ணுயிரியல் பயில்வோர் பலர், பட்டத்துக்குரிய ஆராய்ச்சிக்கென்று வேம்பு, துளசி, நொச்சி, குப்பைமேனி முதலிய மூலிகைகளின் சாற்றையோ, இரசாயனப் பிரிவினர் புதிதாக ஆக்கித் தந்த கூட்டுப்பொருளையோ எடுத்துக்கொண்டு, அது கிருமிகளை அடக்குமா என்று சோதிக்கின்றனர். இம்முயற்சி போற்றற்குரியதே. ஆயினும் அது பெரும்பாலும் முதற்படியிலேயே நின்றுவிடுகின்றது என்பதும், அம்முதற்படியையே மாடமாகக் கருதும் வழக்கம் வேரூன்றி வருகின்றது என்பதும் நமக்குக் கவலை தருகின்றன. அதைக் குறித்துச் சில கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

சோதனையின் முறை எளிது. கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் அகார் என்னும் பொருளைச் சத்துநீரோடு கலந்து பெட்ரித் தட்டில் உறையவைத்து, அதன்மேற் கிருமிகளைப் பரப்பி, சோதிக்க வேண்டிய பொருளை ஊட்டிய சிறு காகித வில்லையை இடுவர். ஓரிரவு வெப்பப் பெட்டியில் வைத்தெடுத்தால் கிருமிகள் படலமாக வளர்ந்திருக்கும். வில்லையிலிருந்து பரவிய பொருளுக்கு அவற்றை அடக்கும் ஆற்றல் இருப்பின், அதனைச் சுற்றி ஒன்றும் வளராத தெளிவட்டம் தோன்றும். 1966-இல் அமெரிக்காவில் பாயர், கெர்பி முதலியோர் இம்முறையை ஒழுங்குபடுத்தினர். அவர்கள் அதனை வகுத்தது எதற்காக? உடலிற் பயன் தருமென்று முன்னரே நிறுவப்பெற்ற மருந்துகளுள், ஒரு நோயாளியிடம் கண்ட கிருமிக்கு எது ஏற்றது என்று தெரிந்தெடுத்தற்கே. மருந்தென்று இன்னும் நிறுவப்படாத சாற்றைச் சுற்றி அதே வட்டம் தோன்றினால், அது அதே பொருளைத் தராது. இவ்வேற்றுமையை மறந்ததே பிழைகளுக்கெல்லாம் பிறப்பிடம்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் இலைச்சாறு கரைந்த நீர்மத்தில் 20 மைக்ரோலிட்டரை வில்லையில் ஏற்றினால், அவ்வில்லையில் 2 மில்லிகிராம், அதாவது 2,000 மைக்ரோகிராம் சாறு இருக்கும். ஒப்பீட்டுக்காக அருகில் வைக்கப்படும் சிப்ரோஃப்ளாக்சசின் வில்லையில் இருப்பதோ 5 மைக்ரோகிராமே. ஒன்று மற்றொன்றைப்போல் 400 மடங்கு. இந்நிலையில் இரண்டு வட்டங்களும் ஏறத்தாழ ஒத்திருக்கக் கண்டு, ‘எம் மூலிகை மருந்துக்கு நிகரானது’ என்று எழுதுவது தராசின் ஒரு தட்டில் கல்லையும் மறுதட்டில் மலையையும் வைத்து நிறுப்பதை ஒக்கும். சாற்றினுள் ஆற்றலுடைய பொருள் நூறில் ஒரு பங்கே இருக்கலாம் என்பது உண்மை. அவ்வாறாயின் அதனைப் பிரித்தெடுத்துக் காட்டுவதன்றோ அடுத்த வேலை? மேலும், சாற்றைக் கரைத்த மெத்தனால் முதலிய கரைப்பானே கிருமியைக் கொல்லக்கூடும். கரைப்பானை மட்டும் ஊட்டிய வில்லையை உடன்வைத்துப் பாராதவன், எதைக் கண்டான் என்பதை எவ்வாறு அறிவான்? எண்ணெய்ப் பசையுள்ள பொருள்கள் அகாரில் நன்கு பரவா. ஆதலின் வட்டம் சிறுத்தமையால் ஆற்றலும் சிறிது என்று முடிவு கட்டுதலும் கூடாது.

தட்டு வேறு, உடல் வேறு என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்குமினை 1815-இல் வோகல், பெல்லெத்தியே என்னும் அறிஞர் பிரித்தெடுத்தனர். அதன்பின் அதனைப்பற்றி எழுந்த ஆராய்ச்சிகள் ஆயிரக்கணக்கின. தட்டிலும் குழாயிலும் அது வெல்லாத பகை இல்லை என்னும்படி செய்திகள் பெருகின. 2017-இல் இரசாயன அறிஞர் சிலர் அவற்றைத் தொகுத்து ஆராய்ந்து, குர்குமின் எளிதிற் சிதைவது என்றும், உண்டால் உடலிற் சேர்வது மிகச் சிறிதே என்றும், சோதனை முறைகளையே மயக்கிப் பொய் வெற்றியைக் காட்டும் இயல்பினது என்றும் எடுத்துரைத்தனர். நம் அடுக்களையில் மஞ்சளுக்குரிய மதிப்பை இது குறைக்காது; தட்டின் சொல்லை அப்படியே நம்புதல் தகாது என்பதையே இது காட்டுகின்றது.

மற்றது இதற்கு நேர்மாறானது. ஜெர்மனியில் டோமாக் என்பவர் ஆராய்ந்து 1935-இல் வெளியிட்ட பிரான்டோசில் என்னும் செஞ்சாயம், தட்டிலிருந்த கிருமிகளை ஒன்றும் செய்யவில்லை; நோயுற்ற எலிகளையோ சாவிலிருந்து காத்தது. அவ்வாண்டிலேயே பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் திரெஃபுவேல் தம்பதியர், நித்தி, போவே ஆகியோர் இப்புதிரை விடுவித்தனர். சாயம் உடலினுள் உடைந்து, சல்பனிலமைடு என்னும் நிறமற்ற பொருளாகின்றது. அதுவே கிருமியை அடக்குகின்றது. அப்பொருளோ 1908-லேயே ஆக்கப்பட்டு, அதன் ஆற்றலை ஒருவரும் அறியாமற் கிடந்தது. தட்டு ‘ஆம்’ என்றதை உடல் மறுத்தது ஒன்று. தட்டு ‘இல்லை’ என்றதை உடல் ஏற்றது மற்றொன்று. ஆகவே தெளிவட்டம் விடையன்று; வினாவின் தொடக்கமே.

இனி, இயற்கைப் பொருள் சிறந்ததா, செயற்கைப் பொருள் சிறந்ததா என்று நம்மவருள் நிகழும் வழக்கையும் நோக்குவோம். ஒரு சாரார், முன்னோர் மூலிகை என்றால் அதற்குச் சோதனையே வேண்டா என்பர். மற்றொரு சாரார், இரசாயனசாலையிற் பிறவாதது மருந்தே அன்று என்பர். இருவருக்கும் மறுமொழி நம் அயலிலேயே உண்டு. தொழுநோய்க்கு நீரடிமுத்து எண்ணெய் நெடுங்காலம் நம் நாட்டில் வழங்கிற்று. அவ்வினத்து எண்ணெயை 1854-இல் மூவாட் என்னும் மருத்துவர் கல்கத்தாவிலிருந்து மேனாட்டு வைத்தியருக்கு அறிமுகம் செய்தார். பின்னர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் மிஷன் மருத்துவசாலைகளிலும் அதுவே கைக்கொள்ளப்பட்டது. 1941-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவசாலையில் பேஜே என்பவர் சல்போன் வகை மருந்தொன்று தொழுநோய்க்குப் பயன்படுவதைக் கண்டார். அவ்வகையின் தாய்ப்பொருளாகிய டாப்சோனை, 1940-களின் பிற்பகுதியில் நம் செங்கற்பட்டிலிருந்து கொக்ரேன் என்னும் மருத்துவர் நோயாளிகளுக்கு அளித்து ஆராய்ந்தார். அதுவும் 1908-இல் ஜெர்மனியில் ஆக்கப்பட்ட செயற்கைப் பொருளே.

செயற்கை வென்றது என்று கதையை இங்கே முடித்துவிடலாகாது. டாப்சோனைத் தனியே பல்லாண்டுகள் கொடுத்துவந்தமையால் கிருமிகள் அதனை எதிர்த்து நிற்கக் கற்றன. 1964-இல் அது ஐயமற நிறுவப்பட்டது. 1982-இல் உலக சுகாதார நிறுவனம் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை வெளியிட்டது. அவற்றுள் டாப்சோன் முழுவதும் செயற்கை. ரிபாம்பிசின், 1957-இல் தென் பிரான்சின் பைன் மரக்காட்டு மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிர் சுரந்த பொருளை இரசாயனர் திருத்தி ஆக்கியது. குளோபாசிமின் செயற்கையே எனினும், நம் சமையலில் இடும் கல்பாசியின் இனமாகிய லைக்கன் ஒன்றிற் கண்ட பொருளைத் தொடர்ந்த ஆராய்ச்சியின் பயனாக டப்ளின் நகரிற் பிறந்தது. இம்மூன்றும் கூடி உழைத்ததாலன்றோ, 2005-ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய நாடு முழுவதையும் நோக்கத் தொழுநோய் பதினாயிரம் பேருக்கு ஒருவர் என்னும் அளவுக்குக் கீழே இறங்கிற்று? நோயாளிக்கு வேண்டுவது மருந்தின் குலமும் கோத்திரமும் அல்ல, அதன் குணமே.

இவ்வளவு வற்புறுத்தற்குக் காரணம் உண்டு. கிருமிகள் மருந்துகளை எதிர்த்து நிற்கும் நிலை நாளுக்கு நாள் மிகுகின்றது. 2019-ஆம் ஆண்டில் உலகத்தில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இதனையே நேர்காரணமாகக் கொண்டு மாண்டனர் என்று 2022-இல் வெளியான பெருங்கணக்கீடு ஒன்று கூறுகின்றது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர் நம்மவர். அளவுக்குக் குறைந்தால் மருந்தே கிருமிக்குப் பயிற்சியாகும் என்பதையும் அதனோடு சேர்த்துக்கொள்ளல் வேண்டும். 1945-இல் நோபெல் சொற்பொழிவு நிகழ்த்திய பிளெமிங் இவ்வாறே எச்சரித்தார். நம் நகரத்தில் பிரெஞ்சுக்காரர் 1823-இல் நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது ஜிப்மர் மருத்துவ நிலையம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013-இல் இவ்வெதிர்ப்பை நாடெங்கும் கண்காணிக்கத் தொடங்கிய அமைப்பின் தலைமையிடங்களுள் அதுவும் ஒன்றாக வைக்கப்பட்டது. ஆகவே இது தொலைநாட்டுச் செய்தியன்று, கோரிமேட்டுச் செய்தி. புதிய மருந்து வேண்டும் என்னும் குரல் இவ்வாறு அருகில் ஒலிக்கையில், வட்டத்தை அளந்து கட்டுரையைக் கட்டி அலமாரியில் அடுக்குவதோடு நாம் நிற்கலாமா? ‘இச்சாறு கிருமியைக் கொல்லும்’ என்று அரைச்சோதனையின் முடிவைப் பத்திரிகைக்குச் சொன்னால், அதனைப் படித்த ஏழை ஒருவன் உற்ற மருந்தைக் கைவிடக்கூடும். அப்பழி யாரைச் சாரும்?

‘மாணவர்க்குக் கிடைப்பது ஆறு மாதம், கருவிகளும் சில, இதற்குமேல் என் செய்வது?’ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அதற்கு மாணவன் ஒருவனின் வரலாற்றையே விடையாகத் தருகின்றோம். 1897-இல் லியோன் நகரத்தில் எர்னெஸ்ட் துஷேன் என்னும் 23 வயதினன், பட்டத்துக்கென்று எழுதிய கட்டுரையில், பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் நிகழும் போரை ஆராய்ந்தான். அவன் தட்டோடு நிற்கவில்லை. நோய்க்கிருமி ஏற்றப்பட்ட கினிப் பன்றிகளுக்குப் பூஞ்சை வளர்ந்த நீரையும் செலுத்தி, அவை பிழைத்தெழக் கண்டான். பிளெமிங் பெனிசிலினைக் கண்டது அதற்கு 31 ஆண்டுகளுக்குப் பின், 1928-இல். துஷேன் இராணுவப் பணிக்குச் சென்றான், 1912-இல் இறந்தான், அவன் விட்ட இடத்திலிருந்து தொடர்வார் ஒருவரும் இலர். மாணவனால் இயலாது என்பதை அவன் பொய்யாக்கினான். தொடர்வார் இல்லையேல் நல்ல வேலையும் வீணாகும் என்பதை அவன் ஊழ் மெய்யாக்கிற்று.

ஆதலால் நம் கல்லூரிக்கு நாம் விண்ணப்பிப்பன நான்கு. முதலாவது, ஆராயும் செடி இன்னதே என்பதற்கு உலர்த்திய மாதிரியொன்றை வைத்தல் வேண்டும்; செயின்ட் லூயி வீதியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தில் 20,000-க்கு மேற்பட்ட உலர்தாவர மாதிரிகள் இருக்க, ஒப்பிட்டறிய நாம் நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. இரண்டாவது, கரைப்பான் வில்லையும் தெரிந்த மருந்து வில்லையும் உடனின்றியும், மும்முறை செய்து பாராமலும் எந்த முடிவையும் ஏற்றல் கூடாது. மூன்றாவது, வட்டத்தின் அகலத்தோடு நில்லாது, கிருமியை அடக்கும் மிகக் குறைந்த அளவு எத்தனை மைக்ரோகிராம் என்பதையும், அவ்வளவு செங்குருதி அணுக்களைச் சிதைக்கின்றதா என்பதையும் காணல் வேண்டும். இவை நம் ஆராய்ச்சிசாலையிற் செய்தற்கரியன அல்ல. நான்காவதே தலையாயது. ஆண்டுக்கு நாற்பது மாணவர் நாற்பது செடிகளைத் தொட்டு விடுதலினும், நான்கு செடிகளைப் பத்தாண்டுகள் தொடர்தல் நன்று. சென்ற ஆண்டினர் நின்ற இடத்தில் இவ்வாண்டினர் தொடங்குக. வட்டம் தோன்றாத சோதனைகளையும் மறையாது எழுதி வைக்கும் ஏடு ஒன்று துறையில் இருத்தல் வேண்டும். அன்றேல், ஒருவர் கண்ட தோல்வியைப் பின்வருவோர் அறியாது மீண்டும் மீண்டும் காண்பர்.

இவ்வேலையில் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் பங்குண்டு. வட்டம் பெரிதாயின் மதிப்பெண் பெரிது என்னும் எண்ணத்தை ஆசிரியர் அகற்றுக. ஒழுங்காகச் செய்து ‘பயனில்லை’ என்று எழுதியவனுக்கும் முழுமதிப்புத் தருக. மருந்துத் தொழிற்சாலைகளிலும் மருத்துவசாலைகளிலும் பணிபுரியும் பழைய மாணவர், பொருளைப் பிரித்தறியும் பெருங்கருவிகளின் வாயிலை இளையோர்க்குத் திறந்துவிடுக. மாணவரோ, தாம் கண்டதைக் கண்டவாறே உரைக்கும் துணிவைப் பெறுக. மூலிகையாயினும் இரசாயனமாயினும் ஒரே அளவுகோலால் அளந்து, தேறியதைத் தேறியது என்றும் தேறாததைத் தேறாதது என்றும் கூறும் ஆராய்ச்சிசாலை ஒன்று நம் கல்லூரியில் அமையுமாயின், அதிலிருந்து மருந்து பிறப்பினும் பிறவாவிடினும், மெய்யுரைக்கும் மாணவர் பிறப்பர். கல்விச்சாலைக்கு அதனினும் சிறந்த பேறு யாது?