கட்டிக்குள் போகும் வழி

நெஞ்சுவலி வந்தவருக்கு ஊசி போட்டாயிற்று. இனி கட்டி கரைந்துவிடும் என்று வார்டுக்கு வெளியே உறவினர்கள் ஆறுதல் அடைகிறார்கள். ஆனால் மருந்து ரத்தத்தில் கலப்பது ஒன்று, கட்டிக்குள் புகுவது வேறு. இரண்டாவதுதான் கடினமான வேலை.

ரத்தக் கட்டி என்பது ஃபைப்ரின் எனும் நார்களால் பின்னிய வலை. அதில் சிவப்பணுக்களும் பிளேட்லெட்டுகளும் சிக்கியிருக்கும். இடைவெளிகளில் திரவம் நிற்கும். இந்த வலைக்குள் மருந்து இரண்டு வழிகளில் போகலாம். ரத்த அழுத்தம் தள்ள, திரவத்தோடு சேர்ந்து வலைக்கண்கள் வழியே ஊடுருவலாம். அல்லது அசையாத தண்ணீரில் விழுந்த மைத்துளி போலத் தானாகப் பரவலாம். பரவுதல் ஆமை வேகம்: தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும்.

முழுதாக அடைபட்ட குழாயோ முட்டுச்சந்து போன்றது. ரத்தம் பக்கக் கிளைகளில் திரும்பிவிட, கட்டியின் முகப்புக்கு மருந்து வந்து சேர்வதே சிரமம். வந்த மருந்தும் விளிம்பில் உள்ள நார்களைத்தான் முதலில் பற்றுகிறது. எனவே கட்டி வெளியிலிருந்து அடுக்கடுக்காகவே கரைகிறது.

கட்டியும் சும்மா இருப்பதில்லை. பிளேட்லெட்டுகள் நார்களை இழுத்து அதைச் சுருக்குகின்றன. அப்போது உள்ளே அகப்பட்ட சிவப்பணுக்கள் நசுங்கி, வட்ட வடிவம் இழந்து, பல முகங்கள் கொண்ட செங்கற்கள் போல நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் இதை விவரித்தனர். அந்தச் சுவரில் மருந்து நுழைய இடுக்கே அரிது.

போக்குவரத்து ஒருவழிப் பாதை அல்ல. கட்டி கரையும்போது ஃபைப்ரின் துணுக்குகள் ரத்தத்தில் கலக்கின்றன. டி-டைமர் பரிசோதனை தேடுவது இவற்றைத்தான். கூடவே உள்ளே பதுங்கியிருந்த த்ராம்பினும் வெளிப்படுகிறது. ரத்தத்தை உறைய வைக்கும் இந்தப் பொருள், திறந்த குழாயையே மீண்டும் அடைத்துவிடலாம். கட்டி கரைந்த பிறகும் உறைவைத் தடுக்கும் மருந்துகள் தொடர்வது இதனால்தான்.

தாமதத்தின் விலையை 1986இல் வெளியான இத்தாலிய ஆய்வு காட்டியது. அதில் சுமார் 12,000 மாரடைப்பு நோயாளிகள் இடம்பெற்றனர். வலி தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் ஸ்ட்ரெப்டோகைனேஸ் பெற்றவர்களில் 8.2 சதவீதம் பேர் இறந்தனர், பெறாதவர்களில் 15.4 சதவீதம். ஒன்பது மணி நேரம் கடந்து வந்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை. கட்டி இறுகுவது ஒரு காரணம். அதற்குள் இதயத் தசை செத்துப்போவது இன்னொரு காரணம்.

இந்தியாவில் 50 நகரங்களின் 89 மருத்துவமனைகளில் நடந்த கிரியேட் ஆய்வு 2008இல் வெளியானது. மருத்துவமனைக்கு வந்து சேர நோயாளிகள் எடுத்துக்கொண்ட இடைநிலை நேரம் 360 நிமிடங்கள். உள்ளே வந்த பிறகு மருந்து ஏற ஆனது 50 நிமிடங்கள்.

அதாவது, டாக்டர் ஊசியை எடுப்பதற்குள் கட்டிக்கு ஆறு மணி நேரம் அவகாசம் கிடைத்துவிடுகிறது. 'வாயுத் தொல்லையாக இருக்கும், விடியட்டும்' என்று வீட்டில் சொல்லும் வார்த்தையில்தான் அது தொடங்குகிறது.